வாசகர் கேள்வி–பதில்: சட்டையின் உட்புறம்

தீபாவளிக்கு முந்திய இதழில், பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கும்போது அதைத் தைத்தவர் யார், அவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்பதையும் வீட்டில் பேசலாமே என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு மூலையை நிறைத்துவிட்டன. பெரும்பாலானவை பதின்ம வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை; இரண்டு, பிள்ளைகளே எழுதியவை. இம்முறை வேறு பொருள் எதையும் எடுத்துக்கொள்ளாமல் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, என் மகள் படிவம் மூன்றில் படிக்கிறாள். வாரம் ஒரு பொட்டலமாவது வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டு ரிங்கிட், பதினைந்து ரிங்கிட் என்று இணையத்தில் தேடித்தேடி வாங்குகிறாள். "இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள், யார் வயிற்றில் அடிக்கிறார்களோ" என்று ஒருநாள் சொன்னேன். "அம்மா ஆரம்பித்துவிட்டார்" என்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். இவளிடம் எப்படித்தான் பேசுவது?
ஒரு தாய், செந்தூல்

பதில்: நீங்கள் சொன்னதில் பிழையில்லை, சகோதரி. சொன்ன நேரம் பிழை. பொட்டலத்தைப் பிரிக்கும் மகிழ்ச்சியில் இருக்கும் பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வாழ்வியல் திறன் பாடத்தில் தையல் கற்பித்துக்கொண்டிருந்தபோது, வங்காளதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்த செய்தி வந்த வாரம், இடிபாடுகளின் படங்களை அச்செடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி தன் பையிலிருந்த விளையாட்டுச் சட்டையை எடுத்து, கழுத்துப் பட்டையில் இருந்த நாட்டின் பெயரைப் படித்துவிட்டு, "டீச்சர், இப்போது நான் இதைத் தூக்கிப் போட வேண்டுமா?" என்று கேட்டாள். கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள் அந்தப் படங்களைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேறு வழியில் போனேன். ஆளுக்கொரு பழைய டி-சட்டை கொண்டுவரச் சொல்லி, அதன் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி மேசையில் விரிக்கச் செய்தேன். தோளில் மெல்லிய நாடா வைத்து அடித்த தையல், கழுத்துப் பட்டையை உடலோடு இணைத்து ஓரம் பிரியாமல் அடித்த ஓவர்லாக் தையல், கைகளைப் பொருத்திய வளைவுத் தையல், அக்குளிலிருந்து இடுப்புவரை நேராக ஓடும் பக்கத் தையல், வெளியே இரட்டைக் கோடாகவும் உள்ளே பின்னலாகவும் தெரியும் கீழ்மடிப்புத் தையல் என ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்கள். பிறகு துண்டுத் துணிகளைக் கொடுத்து, கீழ்மடிப்பு ஒன்றை மட்டும் இயந்திரத்தில் நேராக அடித்துக் காட்டச் சொன்னேன். இருபது நிமிடம் ஆகியும் பாதிப் பேர் முடிக்கவில்லை. முடித்தவர்களின் தையல் பாம்புபோல நெளிந்து கிடந்தது. தொழிற்சாலையில் ஒரு சாதாரண டி-சட்டையைத் தைக்க ஆகும் நேரம், அதில் படும் எல்லாக் கைகளின் வேலையையும் கூட்டினாலும், பத்து நிமிடத்துக்குக் குறைவு என்று அப்போதுதான் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன் தன் சட்டையை மறுபடி எடுத்து அந்த இரட்டைக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

ஆகவே உங்கள் வீட்டிலும் அறிவுரைக்கு முன்னால் ஒரு சட்டையைத் திருப்பிப் போடுங்கள். தையல் வரிசையில் ஒருவர் முழுச் சட்டையைத் தைப்பதில்லை. ஒருவர் நாள் முழுவதும் வலக்கை மட்டும் பொருத்துவார், அடுத்தவர் கழுத்து மட்டும் வைப்பார், மணிக்கு இத்தனை உருப்படி என்று மேற்பார்வையாளர் பலகையில் எழுதிக்கொண்டே போவார். அதைத்தான் 'டார்கெட்' என்கிறார்கள். அதை எட்டுவதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் கழிவறைக்குப் போவதையும் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. பிறகு ஒரு சிறு கணக்கை உங்கள் மகளே தன் கைப்பேசியில் போடட்டும். வங்காளதேசத்தில் ஆடைத் தொழிலாளர்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து 12,500 டாக்கா (அந்நாட்டு நாணயம்). அப்போது தொழிற்சங்கங்கள் கேட்டது 23,000. வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வைத்து அந்த 12,500ஐ வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 60 டாக்கா வரும். நம் பணத்தில் அது ஏறத்தாழ இரண்டு ரிங்கிட், அதாவது ஒரு தே தாரிக் தேநீரின் விலை.

வீட்டில் தோட்டப்புறத்தில் வேலை செய்த பாட்டி இருந்தால், மீதிக் கதையை அவரிடம் விட்டுவிடுங்கள். என் தாயார் கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய் நின்று, கணக்கில் கொடுத்த மரங்களை வெட்டி, பாலைச் சுமந்து வந்து தோட்டத்துக் கணக்கரான கிராணி முன்னால் நிறுத்துக் கொடுத்தால்தான் கூலி. மழை பிடித்துக்கொண்டால் பாலோடு கூலியும் கரைந்துவிடும். பேத்திக்கு 'டார்கெட்' என்ற சொல் புதிதாக இருக்கலாம், பாட்டிக்கு அது பழைய சங்கதி. தன் சட்டைக்கும் பாட்டியின் முதுகுவலிக்கும் உள்ள உறவைப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால் இயர்போன் கழன்றுவிடும்.

கேள்வி: ராணா பிளாசா கட்டடம் இடிந்ததைக் காட்டும் காணொளியைப் பார்த்த என் 16 வயது மகன், வங்காளதேசத்தில் தைத்த எதையும் இனி உடுத்தமாட்டேன் என்கிறான். வீட்டில் மற்றவர்களும் வாங்கக் கூடாதாம். அவனுடைய நல்லெண்ணத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் இது சரியான வழிதானா என்று சந்தேகமாக இருக்கிறது.
ஒரு தந்தை, ரவாங்

பதில்: உங்கள் மகனின் கோபம் நியாயமானது, ஐயா. கோபம் போய்ச் சேரும் இடத்தைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும். இத்தகைய காணொளிகள் பெரும்பாலும் இடிபாட்டைக் காட்டுகின்றன. அதற்கு முந்தைய நாளைக் காட்டுவதில்லை. 2013 ஏப்ரல் 23ஆம் நாள், தலைநகர் டாக்காவுக்கு அருகே சவாரில் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் பெரிய விரிசல்கள் கண்டன. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது, கடைகள் மூடப்பட்டன. மேல்மாடிகளில் இயங்கிய ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் ஆட்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டவர்களும் உண்டு. 24ஆம் தேதி காலை மின்சாரம் தடைப்பட்டு, மாடிகளில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் கட்டடம் முழுவதும் சரிந்தது. 1,134 பேர் மாண்டனர். வங்கிக் காசாளர் கண்டதும் தையல்காரப் பெண் கண்டதும் ஒரே விரிசல். காசாளரை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்ணால், எதிரே விரிசல் தெரிந்தும், "நான் உள்ளே போகமாட்டேன்" என்று சொல்ல முடியவில்லை. அந்த ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றிலும் தொழிற்சங்கம் இருக்கவில்லை. கதையை இந்த இடத்தில் நிறுத்தி, அவளால் ஏன் சொல்ல முடியவில்லை என்று மகனிடம் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலிலிருந்து பேச்சை வளர்க்கலாம்.

வாங்காமல் விடுவதைப் பற்றி இப்போது பார்ப்போம். வங்காளதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகளால் வருகிறது. ஏறக்குறைய நாற்பது லட்சம் பேர் அத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். கிராமத்தில் கூலியே இல்லாத வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, குறைந்த சம்பளமானாலும் தன் பெயருக்கு வரும் முதல் சம்பளமாக அது இருக்கிறது. நாம் எல்லாரும் சேர்ந்து வாங்குவதை நிறுத்தினால் முதலில் வேலை இழப்பது அவள்தான். இது வெறும் ஊகம் இல்லை, முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், சிறுவர் உழைப்பில் உருவான பொருள்களை இறக்குமதி செய்வதைத் தடுக்க டாம் ஹார்கின் என்ற அமெரிக்கச் செனட்டர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆனால் சட்டமாகிவிடுமோ என்ற அச்சத்திலேயே டாக்கா ஆலை முதலாளிகள் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். யுனிசெப் மதிப்பீட்டின்படி அவர்கள் சுமார் 50,000 பேர். பள்ளி காத்திருக்கவில்லை, பசி காத்திருந்தது. கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும் போனார்கள் பலர். பிறகு 1995இல்தான் ஆலை முதலாளிகள் சங்கமும், அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும், யுனிசெப்பும் சேர்ந்து, வேலையை விடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் தரும் ஏற்பாட்டைச் செய்தன. நல்ல மனத்தோடு செய்த காரியமும் இப்படித் திரும்பும் என்று 16 வயதுப் பையனுக்குச் சொல்லலாம். அந்த வயதில் அது விளங்கும்.

சவாருக்குப் பிறகு உண்மையில் மாறியதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அடுத்த மாதமே, 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. காலப்போக்கில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் அதன் கீழ் வந்தன. முன்பெல்லாம் நிறுவனங்கள் தாங்களே எழுதிக்கொண்ட நன்னடத்தைக் கோட்பாடுகள் இருந்தன. காகிதத்தில் அழகாக இருக்கும், மீறினால் கேட்க ஆள் இல்லை. இந்த உடன்படிக்கையோ சட்டப்படி நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது. பொறியாளர்கள் நேரில் போய்ச் சோதித்தார்கள், கண்ட குறைகளை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள், அவசர வழிகளில் பூட்டக்கூடியதாக இருந்த இரும்புக் கதவுகளை அகற்றச் செய்தார்கள். ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது. ஏப்ரல் 24ஆம் தேதி காலையில் இல்லாமற்போனது அதுதான்.

புறக்கணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. உஸ்பெகிஸ்தானில் அரசே மக்களைக் கட்டாயப்படுத்தி வயலுக்கு அனுப்பிப் பருத்தி பறிக்க வைத்த காலத்தில், அந்நாட்டு மனித உரிமையாளர்களே அந்தப் பருத்தியை வாங்காதீர்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டார்கள். 300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதைத் தொடுவதில்லை என்று உறுதி கூறின. கட்டாய உழைப்பு முறை கலைந்த பிறகு, 2022 மார்ச்சில் அந்தப் புறக்கணிப்பு முடித்துக்கொள்ளப்பட்டது. வேலை செய்பவர்களின் தரப்பிலிருந்து வேண்டுகோள் வந்ததா என்பதை முதலில் விசாரிக்க மகனைப் பழக்குங்கள். வங்காளதேசத் தொழிற்சங்கங்கள் நம்மிடம் கேட்டது, வாங்குவதை நிறுத்துங்கள் என்று இல்லை. அந்தப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திடாத நிறுவனங்களைக் கையெழுத்திடச் சொல்லுங்கள் என்று.

கேள்வி: மலிவுக் கடைகளை விட்டுவிட்டு, பேரங்காடியில் நல்ல விலைக்கு வாங்கிக் கொடுத்தால் இந்தக் கவலை தீருமா?
பெட்டாலிங் ஜெயா வாசகி

பதில்: தீராது. ராணா பிளாசாவில், மலிவுக்குப் பெயர்பெற்ற பிரைமார்க்குக்கும் தைத்தார்கள், அதைவிட விலை கூடிய பெனட்டனுக்கும் தைத்தார்கள். கூடுதல் விலை விளம்பரத்துக்கும் கடை வாடகைக்கும் போகலாம். தையல் வரிசைக்குப் போனது என்பதற்கு விலைச்சீட்டு சாட்சியாகாது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். துணி, நூல், சாயம், கப்பல், விற்பனைத் தளத்தின் பங்கு எல்லாம் போக, பன்னிரண்டு ரிங்கிட் சட்டையில் ஒருவருக்கு நியாயமான கூலி கொடுக்க என்ன மிஞ்சும் என்று கேட்கலாம்.

கேள்வி: டீச்சர், நான் படிவம் ஐந்து மாணவி. சட்டையில் தொங்கும் அட்டைகளில் 'ஆர்கானிக்', 'ஃபேர்டிரேட்', 'ஓகோ-டெக்ஸ்' என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எதை நம்பலாம்? இந்தியாவில் தைத்தது என்று போட்டிருந்தால் நம் ஊர் ஆட்கள்தானே என்று தைரியமாக வாங்கலாமா?
பிரிக்பீல்ட்ஸ் மாணவி

பதில்: மகளே, அந்த அட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, நாம் எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஓகோ-டெக்ஸின் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை, துணியில் உடலுக்குக் கேடான இரசாயனம் இருக்கிறதா என்று சோதித்ததைச் சொல்கிறது. தைத்தவரின் கூலியைப் பற்றி அது பேசவே இல்லை. பருத்திக்கான ஃபேர்டிரேட் முத்திரை முதன்மையாக விவசாயிக்குக் கிடைக்கும் விலையைப் பற்றியது. கோட்ஸ் (GOTS) எனப்படும் ஆர்கானிக் துணித் தரம், இழையிலிருந்து சாயம்வரை பார்ப்பதோடு, தொழிலாளர் நிலைமைக்கும் சில விதிகளை வைத்திருக்கிறது. மற்றவற்றைவிட அது பரவாயில்லை.

முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. 2012 செப்டம்பர் 11ஆம் நாள், கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சன்னல்களுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள், வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 என்ற அனைத்துலகச் சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகும் தணிக்கையாளரைவிட, அன்றாடம் அங்கேயே இருப்பவருக்குத்தான் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று தெரியும். அவர் அச்சமில்லாமல் வாய் திறக்க வழி இருக்கிறதா என்பதை எந்த அட்டையும் உனக்குச் சொல்லாது.

'நம் ஊர் ஆட்கள்' என்றாயே, அதற்கு வருகிறேன். ஒரு நாட்டின் பெயர் போட்ட பட்டை, பெரும்பாலும் துணி கடைசியாகத் தைக்கப்பட்ட இடத்தை மட்டும் குறிக்கும். நூல் எங்கே நூற்றது, எங்கே சாயம் போட்டது என்று அதில் இருக்காது. திருப்பூருக்கு நூல் கொடுக்கும் மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. பெயரைக் கேட்டால் மங்கலமாக இருக்கும். ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளையை மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பதாகப் பேச்சு. இடையில் நோய்வாய்ப்பட்டோ தாங்க முடியாமலோ வீடு திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. நம் மொழி பேசும், உன் வயதை ஒத்த பெண்கள் அவர்கள். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் அடுக்கி வைத்திருக்கும் துணியில் அவர்கள் நூற்றது எவ்வளவு என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது.

நீ செய்யக்கூடிய நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. நைக்கி 2005லும், எச் அண்ட் எம் 2013லும், யூனிக்லோ 2017லும் தங்களுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கின. ஓப்பன் சப்ளை ஹப் என்ற இலவச இணைய வரைபடத்தில் இத்தகைய பட்டியல்கள் பலவற்றை ஒரே இடத்தில் பார்க்கலாம். நீ அதிகம் உடுத்தும் ஒரு பெயரை எடுத்துத் தேடிப் பார். தொழிற்சாலையின் பெயரும் ஊரும் கிடைத்தால், அந்தப் பெயரோடு செய்திகளில் சம்பளப் பாக்கி, தீ, வேலைநிறுத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார். பெயரே கிடைக்கவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி. நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் மனத்தில் இதை ஏன் ஏற்ற வேண்டும்?
செராஸ் வாசகர்

பதில்: சட்டம் இருக்கிறது, ஐயா, நல்ல சட்டம்தான். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48லிருந்து 45 மணியாகக் குறைத்தது, கட்டாய உழைப்பைத் தனிக் குற்றமாக்கியது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ஐவருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கும் அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து அதுவே விதி. அந்நியத் தொழிலாளருக்கும் அது பொருந்தும். இன்னொருவரின் கடப்பிதழை (பாஸ்போர்ட்) தகுந்த அதிகாரம் இல்லாமல் கையில் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

இருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த ஒரு கடைக்கு, பெயர் வேண்டாம், போயிருந்தேன். முதலாளி சில்லறை எடுக்கப் பிஸ்கட் டின்னைத் திறந்தார். சில்லறைக்கு அடியில் ரப்பர் பட்டை போட்டு நான்கு கடப்பிதழ்கள் கிடந்தன. மாடியில் தைத்துக்கொண்டிருந்தவர்களுடையவை. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "தொலைத்துவிடுவார்கள் அம்மா, பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, நன்றாகவே பேசுவார். ஆனால் அந்த நால்வரில் யாருக்கேனும் ஓவர்டைம் காசு வரவில்லை என்றால், டின்னுக்குள் கடப்பிதழை வைத்துவிட்டு எவ்வளவு உரக்கக் கேட்பார்? ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் வேறு ஒவ்வொருவர் தலையிலும் இருக்கும். ஜொகூரில் பத்து பகாட் ஆடைத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்கும் தையல் வரிசைகளில் அந்நியத் தொழிலாளர் பலர். பிள்ளைகளுக்கு வங்காளதேசத்தை மட்டும் காட்டினால், அநியாயம் விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று என்று நினைத்துவிடுவார்கள்.

கேள்வி: நான் துப்புரவு வேலை செய்கிறேன். மூன்று பிள்ளைகள். இரவுச் சந்தைத் துணியும் பண்டல் கடையில் விற்கும் பழைய துணியும்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். பள்ளியில் இதைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்த என் பெரிய மகள், நாமும் பாவத்தில் பங்காளிகளா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
ஒரு தாய், கெப்போங்

பதில்: இல்லை என்று சொல்லுங்கள், அம்மா, தயங்காமல் சொல்லுங்கள். குறைந்த கூலிக்குத் தைத்தவரும், குறைந்த கூலியில் அதை வாங்கும் நீங்களும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள். இந்தப் பேச்சு, வசதியுள்ளவர்கள் வசதியில்லாதவர்களைக் குறை சொல்வதில் போய் முடிவதைப் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பண்டல் கடையில் வாங்கிய சட்டையை மூத்தவள் உடுத்தி, இளையவள் உடுத்தி, கடைசியில் அது கைப்பிடித் துணியாகும்வரை பயன்படுத்தும் வீட்டில் துணி வீணாவதே இல்லை. என் அலமாரியில் ஒருமுறைகூட உடுத்தாத சேலைகள் ஏழு இருக்கின்றன. பதில் சொல்ல வேண்டியவள் நான்.

உங்கள் மகளிடம் இன்னொன்றும் கேட்கலாம். உங்கள் துப்புரவு வேலைக்கு 1,700 ரிங்கிட் முழுதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா, குத்தகையாளர் எதையாவது பிடித்துக்கொள்கிறாரா என்று சம்பளச் சீட்டை அவளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டம் அனுமதிக்காத பிடித்தம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: அம்மா, நான் படிவம் நான்கு மாணவன். வாங்காமல் இருப்பதைத் தவிர, என்னைப் போன்றவன் வேறு என்ன செய்ய முடியும்? ஒருவன் கேட்டால் யார் கேட்பார்கள்?
கிள்ளான் மாணவன்

பதில்: தம்பி, நீ இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாய், அதனால் உன் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆர். எச். நாதன் அவர்களை வழிநடத்தினார். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல். இவற்றோடு, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கூலியைக் கேட்டவர்கள் ஏன் சைக்கிளையும் சேர்த்துக் கேட்டார்கள் என்று உன் வீட்டுப் பெரியவர்களோடு பேசிப் பார்.

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு திண்டுக்கல்லில் நடந்ததைக் கேள். 2021 ஜனவரியில் அங்கே ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதன் பிறகு, தொழிற்சாலைக்குள் பெண்கள் நெடுநாளாகச் சகித்துவந்த பாலியல் தொல்லைகள் வெளியே வந்தன. தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. வெளிநாடுகளில் இருந்த அமைப்புகள் அந்தத் துணியை வாங்கும் நிறுவனங்களைக் கேள்விகேட்டுக்கொண்டே இருந்தன. 2022 ஏப்ரலில் தொழிற்சாலை முதலாளியும், சங்கமும், எச் அண்ட் எம் நிறுவனமும் கட்டுப்படும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவானது. கேப் போன்ற நிறுவனங்கள் பின்னர் அதில் சேர்ந்தன. அதன்படி அங்கே தையல் வரிசையில் இருந்த பெண்களிலிருந்தே சிலர் பயிற்சி பெற்று, தொல்லைகளைக் கவனித்துப் புகார் எடுத்தார்கள். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தனியாகக் கேட்டு அது நடந்துவிடவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் எவருமே கேட்டிருக்காவிட்டால், அந்த நிறுவனங்கள் மேசைக்கு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

நீ செய்ய வேண்டியது ஒரு கடிதம். கோபமாக எழுதாதே, கெஞ்சியும் எழுதாதே. இன்ன தேதியில் இன்ன கடையில் இந்தச் சட்டையை வாங்கினேன் என்று தொடங்கி, பட்டையில் இருக்கும் எண்ணைக் குறிப்பிட்டு, மூன்றே கேள்வி கேள். இதைத் தைத்த தொழிற்சாலையின் பெயர் என்ன? அங்கே தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த சங்கம் இருக்கிறதா? ஆபத்து என்று கண்டால் வேலையை மறுக்கும் உரிமையை அவர்களுக்குத் தரும், சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதிலாவது நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்களா? வகுப்பு நண்பர்கள் ஐந்தாறு பேர் தத்தம் சட்டைகளுக்கு இதே கடிதத்தைத் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது. முதலில் பூசி மெழுகிய ஒரு பதில்தான் வரும். 'எங்கள் விழுமியங்கள்' என்று அதில் நிறைய இருக்கும், தொழிற்சாலையின் பெயர் இருக்காது. எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அடிக்கோடிட்டு, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி எழுது. இரண்டு பதில்களின் நகலையும் எனக்கு அனுப்பு, இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.